சுவரிலிருந்து ஒரு முழம்

சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர்தான். ஆள் உயரத்துக்கும் மேலே, பூச்சு பூசி வண்ணம் அடிக்காமல் விட்ட சாம்பல் நிறச் சுவர். தையல்காரி அந்த ஜன்னலைத் திறந்து பல மாதமாகிவிட்டது. தாளிக்கிற புகை உள்ளேயே சுற்றிக் கண்ணைக் கரித்தாலும் கரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். வெளிச்சத்துக்காக ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த தையல் மெஷினையும் தரதரவென்று இழுத்துவந்து முன்னறையில் டியூப்லைட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் துணி துவைக்க, பாத்திரம் துலக்கப் பின்பக்கம் போய்த்தானே ஆகவேண்டும்? போகும்போதெல்லாம், பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர் எதிரே வந்துவிட்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டே போய்வருவாள்.

இதற்கு முன் அங்கே வேறொரு சுவர் இருந்தது. அது விழுந்துதான் அவள் மகள் செத்துப்போனாள்.

எட்டு வயசு. ஓயாமல் பேசுவதால் தெருவே அவளை மைனா என்று கூப்பிட்டது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. தலைக்குக் குளிப்பாட்டி, வெயிலில் நின்று முடியை உலர்த்துடி என்று தையல்காரிதான் பின்பக்கம் அனுப்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் சந்து. அவளுடைய கொழுந்தன், அண்ணனின் வெல்டிங் பட்டறைக்கு இரும்புக் குழாய் ஏற்றிவந்த வேனைச் சந்துக்குள் பின்னால் எடுத்தான். வேனின் முதுகு சுவரில் பட்டது. பட்ட சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சுவர் மொத்தமாக உள்பக்கம் சாய்ந்தது.

போலீஸ் வந்தது, விசாரித்தது, விபத்து என்று முடித்துக்கொண்டு போனது. மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு, “எனக்கு இனிமே ஒரே பிள்ளைதான்” என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு, வெளியூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டாள். அவள் புருஷன் வெல்டர், தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்.

“எங்கயாவது ஓடிப்போகலாம்னு பாக்காத. இங்கயே இருந்து தினம் இதைப் பாரு.”

கொழுந்தன் ஓடவில்லை. வெளிப்படி வைத்த மாடி அறையிலேயே இருந்தான். வேனை அதன் பிறகு தொடவில்லை. குடோனில் மூட்டை தூக்கப் போனான். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, யாரும் சொல்லாமலேயே, தனியாளாக அந்தப் புதுச் சுவரைக் கட்டினான். பழைய சுவர் நின்ற கோட்டில் கட்டவில்லை. ஒரு முழம் வெளியே தள்ளி, சந்தை ஒட்டிய எல்லையில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டி எழுப்பினான். பழைய இடத்தில் மண்ணைப் போட்டு மட்டமாக மிதித்துவிட்டான். அந்த இடத்திலேயே கட்ட அவனுக்கு மனசு வரவில்லைபோல என்று ஊர் பேசிக்கொண்டது. டீக்கடையில் மற்றவர்களுக்குக் கையில் கொடுக்கிற கிளாஸை அவனுக்கு மட்டும் பெஞ்சில் வைத்துவிட்டுப் போவார்கள்.

கோடை முற்றி, மழை இதோ அதோ என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் தையல்காரி பேச்சை எடுத்தாள்.

“அந்தச் சுவரை என்னால பாக்க முடியல.”

வெல்டர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் அவளை மைனாம்மா என்றுதான் கூப்பிடுவான். இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எப்படியும் கூப்பிடுவதில்லை.

“இடிச்சிடட்டுமா?”

“இடிச்சா சந்து தெரியும். அதை மட்டும் பாத்துட முடியுமா?”

“அப்போ என்னதான் பண்ணச் சொல்ற?”

“கொடி ஏத்தி மூடிடலாம். முழுசா. ஒரு பொட்டு சிமெண்ட் தெரியக் கூடாது.”

அவன் இன்னொரு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தான். “செய்” என்றான். கை கழுவப் போனவன் பின்பக்கம் போகாமல் முன்வாசல் குழாயிலேயே கழுவிக்கொண்டான்.

நர்சரி மெயின்ரோட்டில் பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் இருந்தது. பச்சை வலைக்கு அடியில் ஈரமும் எரு வாசனையும். நர்சரிக்காரம்மாள் பருத்த உடம்பு, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு குச்சியால் செடிகளைக் காட்டி வியாபாரம் செய்தாள்.

“கொடின்னா எந்தக் கொடி? நாலு தினுசு இருக்கும்மா. ஒண்ணு ஒட்டிக்கும், ஒண்ணு சுத்திக்கும், ஒண்ணு எட்டிப் புடிச்சுக்கும், ஒண்ணு சும்மா சாஞ்சுக்கும். எல்லாம் நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரிதான்.” அவளே சிரித்தாள். தையல்காரி சிரிக்காததைப் பார்த்துவிட்டுக் குச்சியை நீட்டினாள். “இதோ பாரு, இது ஒட்டுற ஜாதி. கம்பி வேணாம், கயிறு வேணாம். வேர் விட்டுச் சுவர்லயே நகத்தைப் பதிச்சு ஏறிடும். ஆனா பின்னாடி வேணாம்னு பிச்சா பூச்சோட வரும். ஆயுசுக்கும் சுவர்ல தடம் நிக்கும்.”

“வேணாம்.”

“அப்போ காகிதப்பூ வச்சுக்கோ. தண்ணியே ஊத்தலன்னாலும் கோவிச்சுக்காது. ஆனா தானா ஏறாது. நீதான் கட்டிக் கட்டி விடணும். முள்ளும் இருக்கு. வீட்ல குழந்தைங்க இருக்கா?”

“இல்ல.”

“இந்தக் கொடி பாரு. சாயங்காலம் வெள்ளையா பூத்து, மறுநாள் ரோஸாகி, அப்புறம் நல்ல ரத்தச் செவப்பு...”

“செவப்பு வேணாம். இலை போதும். பூவே வேணாம்.”

“பூ வேணாம்னு கொடி கேக்க வந்த முதல் ஆளு நீதாம்மா.” நர்சரிக்காரம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. “முல்லை கொண்டுபோ. வெள்ளைதான். இலை அடர்த்தியா கட்டும். சுத்துற ஜாதி, அதனால கம்பி வேணும். கம்பியைச் சுவரோட ஒட்டி அடிச்சிடாதே. நாலு விரல் இடைவெளி விட்டாத்தான் கொடி பின்னால போய்ச் சுத்திட்டு வரும், காத்தும் போகும். குழியும் அப்படித்தான். சுவரடியில தோண்டாதே, அங்க மண்ணுல சத்து இருக்காது, சிமெண்ட் கழிவுதான் கிடக்கும். ஒரு முழம் தள்ளித் தோண்டு. செடியைச் சுவர்ப் பக்கம் சாய்ச்சு நடு. ஒரு குச்சியை ஊனி, கம்பி எட்டுற வரைக்கும் அதுல கட்டிவிடு. இறுக்கிக் கட்டிடாதே, தண்டு பருக்கும்போது அறுத்துடும்.”

ஐந்து முல்லைக் கன்றுகளை ஆட்டோவில் கொண்டுவந்து பின்பக்கம் இறக்கியபோது கொழுந்தன் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தான். தோளில் மூட்டைக்குப் போடும் துண்டு. வழக்கமாக அவளைக் கண்டால் சுவரோரமாக ஒதுங்கிப் போய்விடுகிறவன், கறுப்புப் பைகளில் இருந்த கன்றுகளைப் பார்த்து நின்றுவிட்டான்.

“எதுக்கு அண்ணி இது?”

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

“சுவர் மேல ஏத்த.”

“தொட்டியில வைப்பீங்களா?”

“தரையிலதான். குழி எடுத்து.”

அவன் மண்ணைப் பார்த்தான். “தரையில வேணாம் அண்ணி. பெரிய தொட்டியா நான் வாங்கிட்டு வரேன். இல்லன்னா ஒட்டுற கொடி இருக்குல்ல, அதுக்குக் குழியே பெருசா வேணாம். மேலாக வச்சாலே ஏறிடும்.”

“முல்லைக்கு ஆழம் வேணுமாம்.”

“இங்க மண்ணு சரியில்ல. வேர் புடிக்காது.”

“உனக்கு என்ன தெரியும் இந்த மண்ணைப் பத்தி?” அவள் குரல் தானாக உயர்ந்தது. “எம் பொண்ணு விழுந்து கெடந்த மண்ணு. நான் தோண்டுவேன், நடுவேன், என்ன வேணா பண்ணுவேன். நீ சொல்லித்தான் நான் செய்யணுமா?”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். வீட்டு மூலை வரைக்கும் போனவன் ஒருமுறை திரும்பிப் பார்த்ததை அவள் பார்த்தாள். நான் இதை மறைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவேன் என்று பயப்படுகிறானோ என்றுகூட நினைத்தாள். கோபத்துக்கு அளவு இருக்கிறதா என்ன!

அன்று சாயங்காலம் தரை முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டாள். மறுநாள் ஆண்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கடப்பாரையை எடுத்தாள். சுவரிலிருந்து ஒரு முழம் அளந்து கோடு கிழித்தாள். மேல்மண் பொலபொலவென்று வந்தது. மண்வெட்டியால் அள்ளிப் போட்டுவிட்டு மறுபடி கடப்பாரையைப் போட்டபோது, டங் என்று கை அதிர்ந்தது.

செங்கல். சுற்றிலும் கையால் மண்ணை விலக்கினாள். ஒன்றை அடுத்து ஒன்றாக வரிசை ஓடியது. பழைய சுவரின் அடி என்று புரிந்தது. மேலே நின்றதெல்லாம் அன்றைக்கே வாரிக் கொட்டப்பட்டுவிட்டது. இது மண்ணுக்குள் தங்கிவிட்ட மிச்சம். சரி, இதைப் பெயர்த்துவிட்டுத் தோண்டுவோம் என்று இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். நெம்பவே வேண்டியிருக்கவில்லை. பல் ஆடுவதுபோல ஆடிக்கொண்டு கையோடு வந்தது. அடியில் இன்னொரு வரிசை இருக்கும் என்று பார்த்தாள். இல்லை. வெறும் மண். நசுங்கி மக்கிய புல்வேரின் தடம்கூடத் தெரிந்தது.

அவள் நிமிர்ந்து நின்றாள். மூச்சு வாங்கியது. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு இடத்தில் தோண்டினாள். அங்கும் அப்படித்தான். ஒரு சாண் ஆழம்கூட இல்லை. ஒற்றை வரிசைச் செங்கலைப் புல்தரைமேல் அடுக்கி, அதன்மேல் அவ்வளவு உயரத்துக்குச் சுவரை எழுப்பியிருக்கிறது.

அவள் கொத்தனார் இல்லை. ஆனாலும் கொழுந்தன் புதுச் சுவருக்கு இடுப்பளவு பள்ளத்தில் இறங்கி நின்றதைப் பார்த்தவள். பாவாடைக்கு மடிப்பு விடாமல் விளிம்பிலேயே தைத்தால் எத்தனை நாள் நிற்கும் என்று தெரிந்தவள்.

அந்தப் பழைய சுவரைக் கட்டியது அவள் புருஷன். மைனா தவழ ஆரம்பித்து, ஒருநாள் சந்து வரைக்கும் போய்விட்டாள் என்று பதறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியை எடுபிடிக்கு வைத்துக்கொண்டு கட்டினான். “ஒரே நாள்ல எழுப்பிட்டேன் பாத்தியா” என்று இடுப்பில் கை வைத்து நின்றவனுக்கு அவள்தான் டீ போட்டுக் கொடுத்தாள்.

வெயில் உச்சிக்கு வந்து இறங்கியது. அவள் குழி விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டைக் கேட்டு யாரோ முன்வாசலில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வேலை முடிந்து கொழுந்தன்தான் முதலில் வந்தான். குழியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். படியில் கால் வைக்கப் போனவன் திரும்பி வந்து சற்றுத் தள்ளிக் குந்தினான்.

“மூடிடலாம் அண்ணி.”

“உனக்கு முன்னாடியே தெரியும்.”

அவன் பெயர்ந்து கிடந்த செங்கலைத் திருப்பிப் போட்டான்.

“அதான் அந்த இடத்துல கட்டாம வெளிய தள்ளிக் கட்டுன. அதான் தொட்டி வாங்கித் தரேன்னு சொன்ன. ஏன்டா, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? போலீஸ் கேட்டப்போ சொல்ல வேண்டியதுதானே? உங்கம்மா சாபம் விட்டப்போ சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லி?” என்றான் அவன். “வேன் என்னுதுதானே அண்ணி. நான்தானே பின்னால எடுத்தேன். அது பொய்யில்லையே.”

“சும்மா தொட்டதுக்கு விழுற சுவரு அது.”

“அண்ணன் தாங்காது அண்ணி. எம் மேல கோவம் இருக்கறதாலதான் அது எழுந்து வேலைக்குப் போகுது. இதையும் வெளிய சொல்லிட்டா அது கயித்துல தொங்கிடும்னு பயம். ஒரு சாவு பத்தாதா?” மண்ணை ஒரு பிடி எடுத்து விரலிடுக்கில் விட்டான். “அதோட, எனக்கும் யாராவது திட்டிட்டே இருந்தா நல்லாத்தான் இருந்துச்சு.”

அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை மாதமும் இவனை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்ததெல்லாம் இப்போது எங்கே போய்ச் சேரும் என்றுதான் தெரியவில்லை. இரவானால் பக்கத்தில் படுக்கிறவனிடம் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். அது இன்னும் கொடுமையாக இருந்தது.

வெல்டர் வந்தபோது வெளிச்சம் இருந்தது. கதவு திறந்து கிடக்க, அடுப்பு அணைந்து கிடக்க, நேராகப் பின்பக்கம் வந்துவிட்டான். தம்பி எழுந்து மாடிக்குப் போனான். வெல்டர் குழிக்குள் பார்த்தான். அவன் முகத்தில் திகைப்பு வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

“உனக்கும் தெரியும்.”

“தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“கட்டும்போதே. அவன் அப்பவே சொன்னான். இன்னும் கொஞ்சம் ஆழமா தோண்டுவோம்ணேன்னு. மாடி வீடா கட்டப்போறோம், அடுக்குடான்னு நான்தான் சிரிச்சேன். பாப்பாவைத் தூக்கும்போதே பாத்தேன்... அடிவரிசை வெறும் புல்லு மேல ஆடிட்டுக் கெடந்துச்சு.”

“பாத்துட்டுத்தான் அவன் சட்டையைப் புடிச்சியா?”

வெல்டர் கீழே உட்கார்ந்துவிட்டான். இரும்பைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கைகள் முழங்கால்மேல் சும்மா கிடந்தன.

“யாரையாவது புடிக்கணும்போல இருந்துச்சு” என்றான்.

அவள் எழுந்தாள். கால் மரத்திருந்தது. “உங்கம்மாவுக்கு ஃபோனைப் போடு. சொல்லு.”

“இப்ப எதுக்கு...”

“டெய்லி போடறல்ல? மருந்து சாப்ட்டியாம்மா, மூட்டுவலி எப்படிம்மான்னு. அதோட இதையும் சொல்லு.”

“வயசானவங்க. தாங்க மாட்டாங்க.”

“ஒருத்தர் தாங்க மாட்டாங்கன்னு இன்னொருத்தர், அவர் தாங்க மாட்டார்னு வேறொருத்தர். எம் பொண்ணு மட்டும் எல்லாத்தையும் தாங்கணுமா? நீ சொல்ற வரைக்கும் இந்த மண்ணுல நான் ஒரு செடி ஊன மாட்டேன். கொடியை ஏத்தி எதை மூடணும்னு நெனச்சேனோ, அது இல்ல இப்ப இங்க இருக்கறது.”

அவன் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஆனால் பட்டறையிலிருந்து கோண இரும்பை அறுத்து, துளை போட்டு, துருப்பிடிக்காமல் வண்ணம் அடித்துக் கொண்டுவந்தான். சுவரில் டிரில் போட்டுப் போல்ட் இறக்கினான். சுவருக்கும் கம்பிக்கும் நாலு விரல் விடவேண்டும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். விரலை வைத்து வைத்துப் பார்த்து முடுக்கினான். குறுக்கே வரிசை வரிசையாகக் கம்பி இழுத்து, முனையில் திருகு வைத்து இறுக்கினான். சுண்டினால் பாடும்போல விறைத்து நின்றது ஒவ்வொரு கம்பியும். யானையைக் கட்டினாலும் தாங்கும். பூங்கொடிக்கு இவ்வளவு எதற்கு என்று பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒருவர் கேட்டதற்கு, வேலைன்னா ஒழுங்கா செய்யணும்ல என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயை மூடிக்கொண்டான்.

வெற்றுச் சுவர், அதன்மேல் வெற்றுக் கம்பி, அதற்கு முன்னால் திறந்த குழிகள். நிழலில் வைத்திருந்தும் முல்லைக் கன்றுகள் நாளுக்கு நாள் வாடின. பையில் மண் குறைவு, ஊற்றிய தண்ணீர் ஓடிவிடுகிறது. கீழிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. ஒரு கன்று முழுக்கவே பட்டுப்போனது. தையல்காரி வேளா வேளைக்குச் சமைத்தாள், புருஷனுக்குத் தட்டு வைத்தாள், தைத்தாள். பேசவில்லை. மாடிக்காரன் போவதும் வருவதும் செருப்புச் சத்தத்தில்தான் தெரிந்தது.

முதல் மழைக்கு வானம் கட்டிய ஒரு மாலை. காற்று நின்றுபோய்ப் புழுங்கியது. பின்பக்கம் காயப்போட்ட துணியை அவள் அவசரமாக எடுத்துக்கொண்டிருந்தாள். வெல்டர் வந்து குழிகளைப் பார்த்து நின்றான். மழை பெய்தால் குழியில் தண்ணீர் தேங்கும், செங்கல் எல்லாம் நன்றாகத் தெரியும். அதை நினைத்தானோ என்னவோ. சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தான். அவள் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

“அம்மா.”

“சொல்லுப்பா. ஏன் குரல் ஒருமாதிரி இருக்கு? சளியா?” பின்னால் டிவியில் யாரோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, அந்தச் சுவரு...”

“அதை எதுக்குடா இப்பப் பேசற? வயித்தெரிச்சல்.”

“அதுக்கு அஸ்திவாரமே இல்லம்மா. நான் கட்டுனது. ஒரு சாண்கூடத் தோண்டல. காத்தடிச்சாலே விழுந்திருக்கும். சின்னவன் கட்டும்போதே சொன்னான், நான் கேக்கல. எல்லாம் தெரிஞ்சும் நீ அவனைத் திட்டும்போது நான் பேசாம நின்னேன். அவனும் என்னைக் காட்டிக் குடுக்கல. எம் பொண்ணை நான்தாம்மா...”

அந்தப் பக்கமிருந்து டிவிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது, பிறகு அதையும் யாரோ நிறுத்தினார்கள். கிழவி மயங்கி விழுந்துவிட்டாளோ என்று தையல்காரிக்கே பயம் வந்தது.

“சின்னவன் சாப்பிட்டானா?” என்றது குரல்.

வெல்டர் நிமிர்ந்து தன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவளுக்குத் தெரியவில்லை. இன்று என்றில்லை, இத்தனை மாதமாக அவன் எங்கே சாப்பிடுகிறான், சாப்பிடுகிறானா இல்லையா என்பது அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

“டேய், கேக்கறேன்ல? சாப்பிட்டானா அவன்?”

தையல்காரி துணிகளைக் கல்மேல் போட்டுவிட்டு, அவன் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள். வெளிப்படியில் ஏறினாள். மைனா போன பிறகு அந்தப் படியில் அவள் கால் வைப்பது இதுதான் முதல். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. கீழே வெல்டர் குழியோரம் குந்தி, செங்கலை ஒவ்வொன்றாகப் பெயர்த்து வெளியே வைத்துக்கொண்டிருந்தான்.

கதவைத் தட்டினாள். கொழுந்தன் பனியனோடு வந்து திறந்தான். அவள் முகத்தைப் பார்த்து ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனான்.

“உங்கம்மா” என்று ஃபோனை நீட்டினாள்.

அவன் உடனே வாங்கவில்லை. இரண்டு கையையும் கைலியில் அழுத்தித் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். பிறகுதான் வாங்கினான்.